கதிர் வந்த கழனிக்கு மேல்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ட்ரோன் வைத்து மருந்தடித்துப் பிழைக்கும் எங்களுக்கு இளம்பயிரில் வேலை குறைவு. நட்டுப் பதினைந்து இருபது நாளான பயிருக்குள் யார் வேண்டுமானாலும் இறங்கி நடக்கலாம், கைத்தெளிப்பானே போதும். போன் விடாமல் அடிப்பது பயிர் பொதி கட்டிய பிறகுதான். ஆந்திரா பொன்னி போட்ட சம்பாக் கழனி மார்கழியில் இடுப்பளவு நின்று, வரிசை மறைந்து, தூரோடு தூர் பின்னிக் கிடக்கும்போது, பதினாறு லிட்டர் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அதற்குள் நடக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அவர் கால் பட்ட இடமெல்லாம் தூர் சாய்கிறது, கதிர் முறிகிறது. படாளம் ஆலைக்குப் போகும் கரும்பில் நிலைமை இன்னும் மோசம். ஆளுயரம் தாண்டிய தோட்டத்துக்குள் மருந்தோடு நுழைவது நடவாத காரியம். இந்தச் சிரமத்தைத் தீர்க்கத்தான் ட்ரோன் வந்தது, தீர்த்தும் விட்டது. ஆனால் தொழிலைச் செய்யச் செய்ய எனக்கு ஒன்று உறுதிப்பட்டிருக்கிறது. முற்றிய பயிருக்குள் நுழைய முடியாமல் இருந்ததே இத்தனை காலமும் பயிருக்கும் அதைத் தின்பவருக்கும் ஒரு காவலாக இருந்தது. வேண்டாத மருந்தை அந்தச் சிரமமே தடுத்தது. ட்ரோனோ வேண்டிய மருந்துக்கும் வேண்டாத மருந்துக்கும் சேர்த்தே வழியைத் திறந்துவிட்டது. அறுவடைக்கு முந்தின நாள்வரை எந்தப் பயிருக்கு மேலும் எட்டு நிமிஷத்தில் எதையும் அடித்துவிடலாம் என்றான பின், எப்போது பறக்கக் கூடாது என்று தெரிந்து சொல்வதுதான் இந்தத் தொழிலில் பாதி.

ட்ரோன் எதை நன்றாகச் செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மற்றதைச் சொல்வது நியாயமாகாது. எங்கள் பக்கம் ஓடுபவை பெரும்பாலும் பத்து லிட்டர் டேங்க் வண்டிகள். மருந்து, பேட்டரி எல்லாம் சேர்த்து 25 கிலோவுக்குள் அடங்குபவை. பயிருக்கு மேல் ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்தில், மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்கு அடித்துக்கொண்டே போகும். ஏக்கருக்குப் பத்து லிட்டர் தண்ணீர், ஏழெட்டு நிமிஷம். கைத்தெளிப்பானில் அதே ஏக்கருக்கு இருநூறு லிட்டர் சுமக்க வேண்டும், பன்னிரண்டு டேங்க். விசிறிகளின் காற்று கீழ்நோக்கி அழுத்துவதால் நுண்துளிகள் மேல் இலைகளிலும் கதிரிலும் நன்றாகப் படிகின்றன. கழுத்துக் குலைநோய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. அந்த நோய் பிடிப்பது கதிரின் கழுத்துக் கணுவை. கண்ணாடி இலையை ஒட்டி, மேலிருந்து வரும் துளி தடையில்லாமல் எட்டும் இடம். பனியும் குளிர்ந்த இரவுமாக மார்கழி போனால் ஆந்திரா பொன்னியில், அதாவது பி.பி.டி. 5204-இல், இது சீக்கிரம் பரவும். அந்த ரகத்துக்குக் குலைநோயைத் தாங்கும் சக்தி குறைவு. ஒரே காலையில் பத்துப் பதினைந்து ஏக்கரை மிதிபடாமல் முடித்துவிட வேண்டுமென்றால் அதை ட்ரோன்தான் செய்ய முடியும்.

மனித உயிரின் பக்கம் நின்று பார்த்தால் ட்ரோனுக்கான நியாயம் இன்னும் வலுவானது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த ஆண்டு பருத்திச் செடி வழக்கத்தை மீறி ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. செடி முழங்கால் உயரமாக இருக்கும்போது மருந்து காலடியில் விழும். தலையளவு வளர்ந்துவிட்டால் குழாயை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும், அடித்த மருந்து அடித்தவர் முகத்திலேயே இறங்கும். இரண்டு மூன்று பூச்சிக்கொல்லிகளை ஒன்றாகக் கலந்து, விசை அதிகமான தெளிப்பான்களால், புழுங்கும் செடி நடுவில் நின்று அடித்தார்கள். முகமூடி, கையுறை என்று பேசுகிறோம். நம் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அரை நாள் வேலை செய்யச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாத அறிவுரை. உயர்ந்த பயிரில் மருந்துக்கும் மனிதனுக்கும் நடுவே தூரம் வைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. ட்ரோன் அந்தத் தூரத்தைத் தருகிறது. இதை மறுத்துப் பேசுபவர்கள் ஒரு மார்கழிக் காலையில் பன்னிரண்டு டேங்க் சுமந்துவிட்டுப் பேசலாம்.

இனி அந்தக் காவலுக்கு வருகிறேன். 2002-இல் மகாராஷ்டிரத்தின் சாங்லிப் பகுதியில் கரும்பில் பஞ்சு அசுவினி கிளம்பி, கர்நாடகம் வழியாகத் தமிழ்நாட்டுக்கும் வந்தது. இலையடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல் அடைந்து, சாற்றை உறிஞ்சி, கீழ் இலையெல்லாம் கரும்பூசணம் படிய வைக்கும் பூச்சி. அப்போது மருந்தும் பரிந்துரைத்தார்கள். ஆனால் எட்டடி பத்தடி நிற்கும் கரும்புக்குள் யார் போய் இலையின் அடிப்பக்கம் அடிப்பது? பெரும்பாலான தோட்டங்களில் அது முடியவில்லை. முடியாததால் வேறு வழியில் கவனம் போயிற்று. அசுவினியைத் தின்னும் டைபா என்ற புழுவையும் மைக்ரோமஸ் என்ற இரைவிழுங்கியையும் வளர்த்துத் தோட்டங்களில் விட்டார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் பஞ்சு அசுவினி பெரிய பிரச்சினையாக இல்லாமல் அடங்கியது. அன்றைக்கு ஊருக்கு இரண்டு ட்ரோன் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்க்கிறேன். தோட்டம் தோட்டமாக மேலிருந்து பூச்சிக்கொல்லி அடித்திருப்போம். இலையின் அடியில் இருக்கும் அசுவினி தப்பியிருக்கும்; அதைத் தேடி அலையும் டைபாவும் குளவியும் செத்திருக்கும். நுழைய முடியாத கரும்பு அந்தத் தவறைச் செய்யவிடாமல் நம்மைத் தடுத்தது.

நெல்லில் இதே கதை புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சிக்கு. உத்திரமேரூர்ப் பக்கம் சம்பா, நவரைப் பருவங்கள் இரண்டிலும் கதிர் வந்த பிறகு வரும் அழைப்புகளில் கணிசமானவை புகையானுக்குத்தான். வட்டம் வட்டமாகப் பயிர் கருகினது போல் காய்ந்தால் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் புகையான் இருக்கும் இடம் தூரின் அடி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேல். பத்து லிட்டர் தண்ணீரில் பறக்கும் மெல்லிய புகைத்தூறல், நெருங்கி நிற்கும் கதிரையும் கண்ணாடி இலையையும் நனைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அடித்தூருக்குப் போய்ச் சேருவது சொற்பம். அதே நேரம் மேல் இலைகளில் இருக்கும் சிலந்தி நன்றாகவே நனையும். புகையானைத் தின்பவற்றில் சிலந்தி முக்கியமானது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வகுத்திருக்கும் கணக்கிலேயே இது இருக்கிறது: சிலந்தி இல்லாத கழனியில் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே மருந்தை யோசிக்கலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். சிலந்தி இருந்தால் பொறுமையை இரட்டிப்பாக்கு என்று பல்கலைக்கழகமே சொல்லும்போது, சிலந்தியை மட்டும் கொல்லும் உயரத்தில் பறந்துகொண்டு புகையானுக்கு மருந்தடித்தேன் என்று காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை மிகை என்று நினைப்பவர்களுக்கு இந்தோனேசியா சான்று. 1970-களிலும் 80-களிலும் அங்கே புகையான் நெல்லைத் தின்று தீர்த்தது. மருந்து கூடக் கூடப் புகையானும் கூடியது. இயற்கை எதிரிகளைக் கொல்லும் பூச்சிக்கொல்லிகளே அதைப் பெருக்குகின்றன என்று ஆராய்ச்சியில் தெளிவானதும், 1986-இல் அந்நாட்டு அதிபர் ஆணை போட்டு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தார். நெல் உற்பத்தி அதனால் சரிந்துவிடவில்லை. நம் ஊரிலும் செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் அடித்தால் புகையான் திரும்பக் கிளம்பும் என்று வேளாண்மைத் துறை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. புகையானுக்குப் பரிகாரம் தெரிந்ததே: தண்ணீரை வடித்துவிடு, யூரியாவை நிறுத்து, பயிரை விலக்கிக் காற்றும் வெயிலும் அடியில் படவிடு, மீறினால் கருகிய வட்டத்தைச் சுற்றி மட்டும் ஆளை இறக்கித் தூரின் அடியில் அடி. நடும்போதே எட்டடிக்கு ஒரு பட்டம் விட்டு நட்டிருந்தால் அந்த ஆள் மிதிக்காமல் நடக்க வழியும் இருக்கும். ட்ரோன் வந்துவிட்டதே, பட்டம் எதற்கு என்று இப்போது சிலர் விடுவதில்லை. அது தப்புக் கணக்கு. ட்ரோனுக்குப் பட்டம் வேண்டாம், பயிருக்கு வேண்டும்.

தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் கவனித்த இன்னொன்று, அழைப்பு வரும் நாள். கழுத்துக் குலைநோய்க்கு மருந்து பலிப்பது பொதி முடிந்து கதிர் தலைநீட்டும் சமயத்தில். வேண்டுமானால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொரு முறை. நெற்பழம் என்றும் லட்சுமி நோய் என்றும் சொல்கிறோமே, அதற்கும் பொதிப்பருவம்தான் காலம். மஞ்சள் உருண்டை கண்ணுக்குத் தெரிந்த பிறகு அடிப்பது மருந்துக்கடைக்கு மட்டும் நல்லது. கதிர் வந்து அறுவடைக்கு ஏறக்குறைய முப்பது நாள். ஆக, உயர்ந்த பயிரில் ட்ரோனின் பொன்னான நாட்கள் அறுவடைக்கு இருபது நாள் முன்னாலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் அழைப்பு அப்போது வருவதில்லை. கழுத்து ஒடிந்து கதிர் வெளுத்த பிறகு, பதர் என்று தெரிந்த பிறகு வருகிறது. முன்பென்றால் அந்தக் கட்டத்தில், 'இனி எப்படி உள்ளே போறது, விடு' என்று விட்டிருப்பார்கள். இன்றைக்கு ஐந்நூறு ரூபாய் முன்பின் கொடுத்தால் போதும். மனசு ஆறுவதற்காகவாவது அடித்துவிடலாம். வெளுத்த கதிர் எந்த மருந்துக்கும் பச்சையாகாது.

கதிர் நாவாய்ப்பூச்சிக்கான கணக்கு இதைவிடத் தெளிவு. பூக்கும் பருவத்தில் நூறு கதிருக்கு ஐந்து பூச்சி இருந்தாலே மருந்து என்கிறது பல்கலைக்கழகப் பரிந்துரை. பால் பிடித்து மணி முற்றும் பருவத்தில் அந்த எண்ணிக்கை பதினாறு. ஐந்து பதினாறாக உயர்வது எதனால்? பூச்சி உறிஞ்சுவது பாலை. மணி இறுக இறுக அது சேதம் செய்யும் வாய்ப்புக் குறைகிறது. அறுவடை நெருங்க நெருங்க மருந்தின் தேவை குறைகிறது என்பதுதான் பயிரின் இயல்பு. நாம் அதை நேர்மாறாகச் செய்கிறோம். போட்ட பணம் கண்ணெதிரே கதிராக நிற்கும்போதுதான் பயம் அதிகம். பயத்தைத் தொட்டு ஒரு பூச்சிக்கொல்லி, அதோடு ஒரு பூஞ்சாணக்கொல்லி, மணி எடை கட்ட ஒரு டானிக், நுண்ணூட்டம் ஒரு பாக்கெட் என்று நான்கையும் ஒரே டேங்கில் போடச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இருநூறு லிட்டரில் கரைந்தால் ஒன்றை ஒன்று தொடாமல் கிடக்கும் பொருட்கள் பத்து லிட்டரில் திரிந்து, நாசிலை அடைக்கின்றன. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முன்னதாகக் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பார்த்தாலே எது சேரும், எது சேராது என்று தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் டேங்கில் ஊற்றுகிறவர் தொழில் தெரியாதவர்.

அந்த இருநூறும் பத்தும் இன்னொரு இடத்திலும் முக்கியம். ஏக்கருக்கான மருந்தின் அளவு ஒன்றுதான். தண்ணீர் இருபதில் ஒரு பங்கு. ஆகவே ஒவ்வொரு துளியும் இருபது மடங்கு கெட்டி. வரப்போரம் திரும்புகையில் இரண்டு முறை படுகிற பட்டைக்கு இரட்டை அளவு விழும். இளம்பயிர் அதற்குப் பிறகு இரண்டு மாதம் வளர்ந்து, மழை பட்டு, வெயில் பட்டு அதைக் கழித்துவிடும். பத்து நாளில் அறுக்கப்போகும் பயிருக்கு அந்த அவகாசம் இல்லை. மருந்து டப்பாவோடு வரும் துண்டுத் தாளில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையில் விட வேண்டிய நாட்கள். பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளை ட்ரோனில் அடிக்க மத்திய அரசு இரண்டாண்டு இடைக்கால அனுமதி கொடுத்தது. அவை ஏற்கெனவே சாதாரணத் தெளிப்புக்குப் பதிவானவை. அவற்றின் காத்திருப்பு நாட்களும் அந்தத் தெளிப்பை வைத்து வகுத்தவை. அனுமதி அவசியமாக இருந்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் துளி கெட்டியான பிறகு அந்த நாட்களைக் கூட்டிப் பிடிப்பதுதான் விவேகம். குறைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

எச்சம் என்பது வெளிநாட்டு ஏற்றுமதிக்காரர்களின் கவலை, நம் குண்டு நெல்லுக்கு என்ன என்று கேட்பவர் உண்டு. குலைநோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்கிளசோலுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2018 முதல் அரிசியில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம் என்று வரம்பைக் குறைத்தது. அதுவரை 1 மில்லிகிராம். பாஸ்மதி விற்க வேண்டிய பஞ்சாப் அரசு அதன் பின் ஒவ்வொரு பருவத்திலும் அறுவடைக்கு முன் சில மருந்துகளின் விற்பனையையே நிறுத்தி வைக்கிறது. நம்முடைய நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்குள் இருக்கிறதா, பதர் எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று பார்ப்பார்கள். மருந்து எச்சம் பார்ப்பதில்லை. பார்ப்பதில்லை என்பதால் இல்லை என்றாகாது. அதோடு, நெல்லுக்காவது உமி இருக்கிறது, அரவையில் போய்விடும். வைக்கோலுக்கு எதுவும் இல்லை. ட்ரோன் மருந்து அதிகம் படியும் மேல் இலையும் கதிர்த்தாளும்தான் வைக்கோலாகிறது. அறுவடை மெஷின் போன பின்னாலேயே கட்டு கட்டும் மெஷின் வந்து அதைச் சுருட்டிக் கொடுக்க, மாட்டுக்குப் போகிறது. மாட்டிலிருந்து பால். பாஸ்மதி தின்னும் ஐரோப்பியருக்காக அவ்வளவு கவனம், நம் மாட்டுப் பால் குடிக்கும் குழந்தைக்காக அந்தக் கவனம் இல்லை என்பது எனக்கு ஒப்பவில்லை.

இதில் மிக மோசமான கோரிக்கை, பயிரைக் காயவைக்க மருந்தடிப்பது. தை மாதம் மழை பிடித்துக்கொண்டால் கதிர் ஒருபக்கம் பழுத்தும் தாள் பச்சையாகவும் நிற்கும். மெஷின் வாடகை மணிக்கணக்கில் ஏறும். நெல் பதினேழு சதவீதத்துக்கு வர நாளாகும். அப்போது களைக்கொல்லி அடித்தால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். யோசனை புதிதல்ல. கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோதுமை, பருப்பு, கடுகு வகைகளை இப்படிக் காயவைப்பது பல காலப் பழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் டைகுவாட் என்ற களைக்கொல்லிக்கு உரிமம் புதுப்பிக்க மறுத்தது. 2023-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்குப் பத்தாண்டு நீட்டிப்புக் கொடுத்தபோதும், அறுவடைக்கு முன் காயவைக்க அடிப்பதை மட்டும் தடை செய்தது. மத்தியப் பிரதேசத்தில் கோடைப் பாசிப்பயறைக் களைக்கொல்லி அடித்துக் காயவைப்பது பரவி, 2025-இல் அங்கே அரசுக் கொள்முதலே தகராறானது. நம் சட்டத்திலும் இதற்கு இடமில்லை. 2022 அக்டோபரில் கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மட்டுமே கையாளலாம் என்று மத்திய அரசு அறிவித்தது. நான் சொன்ன அந்த 477 மருந்து அனுமதியும் பூச்சிக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லி, வளர்ச்சி ஊக்கி ஆகிய வகைகளுக்கு வந்தது. பக்கத்துக் கழனியில் தர்பூசணியோ வேர்க்கடலையோ இருந்தால் காற்றில் போகும் நாலு துளி போதும், அந்தக் குடும்பத்தின் பருவமே போய்விடும். தாள் பச்சையாக நிற்பதற்குப் பரிகாரம் கடைசி யூரியாவைத் தள்ளிப் போடாமல் இருப்பதும், அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தண்ணீரை வடிப்பதும்தான். ட்ரோனுக்கு அதில் வேலையில்லை.

இவ்வளவு சொல்லும் நீ யார், பயிர் என்னுடையது, பணம் என்னுடையது என்று விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பதில், கழனி அவருடையது, ஆனால் அடிக்கிற கை என்னுடையது என்பதுதான். எங்கள் தொழிலில் காசு ஏக்கர் கணக்கில் வருகிறது. வண்டிக்கும் பேட்டரிக்கும் வாங்கிய கடன் மாதக் கணக்கில் வருகிறது. 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு, எட்டு லட்சம் ரூபாய் வரையில் எண்பது சதவீத மானியத்தோடு ட்ரோன் கொடுக்க 2023 நவம்பரில் முடிவெடுத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் மானியம் வாங்கியவரும் வாங்காதவரும் ஏக்கரை ஓட்டினால்தான் வண்டி ஓடும். வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு ஏக்கரும் சொந்தக் காசில் நஷ்டம். மருந்துக்கடையே ட்ரோனையும் ஏற்பாடு செய்து அனுப்பும் இடங்களில், வேண்டாம் என்ற சொல்லுக்கு வாயே கிடையாது. இதற்கு நான் காணும் வழி, பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் கூலியைப் பிரிப்பது. கழனியில் இறங்கி, தூரைப் பிரித்து, கதிரை எண்ணிப் பார்த்து, அடிக்கலாமா வேண்டாமா என்று சொல்வதற்கு ஏக்கருக்கு ஒரு சிறு தொகை. அடித்தால் தனியே. டாக்டர் பார்த்ததற்கு வாங்குகிறார், மாத்திரை எழுதினால்தான் காசு என்று சொல்வதில்லை, அதைப் போலத்தான். முதலில் முகம் சுளிப்பார்கள். வீணான ஒரு தெளிப்பின் மருந்து விலை மிச்சமானதும் புரிந்துகொள்வார்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் எதிர்ப்பு கடுமையானது: வானத்திலிருந்து விஷம் தூவுவதே வேண்டாம், கேரளத்தின் காசர்கோட்டைப் பார்க்கவில்லையா என்பது. பார்க்க வேண்டியதுதான். அங்கே முந்திரித் தோட்டங்களில் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தூவினார்கள், தலைமுறைகள் கெட்டன, 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ட்ரோன் இரண்டு மீட்டரில் பறக்கிறது, ஹெலிகாப்டரோடு அதை ஒன்றாக்க முடியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். தொழில்நுட்பமாக அது உண்மையும்கூட. ஆனால் காசர்கோட்டில் உயரம் மட்டுமா குற்றம்? பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் ஆண்டுதோறும் நாள் குறித்துத் தூவியதும், கீழே கிணறும் ஓடையும் வீடும் இருப்பதை மதிக்காததும் சேர்ந்துதான். அந்த இரண்டையும் ட்ரோனாலும் செய்ய முடியும். உத்திரமேரூர் ஏரிகளின் பூமி. ஏரிக்கென்று தனி வாரியம் தேர்ந்தெடுத்ததைப் பராந்தகச் சோழன் காலத்தில் கல்லில் வெட்டி வைத்த ஊர். ஏரியை ஒட்டிய கழனிகளில் அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பார்க்காமல் வண்டியைத் தூக்கக் கூடாது. சம்பா பால் பிடிக்கும் மார்கழி, தையில்தான் வேடந்தாங்கல், கரிக்கிலிப் பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் கழனிகளிலும் இரை தேடுகின்றன. சொர்ணவாரிப் பருவத்தில் கதிர் வரும்போது ஆடிக்காற்று. விடிந்து இரண்டு மணி நேரம் போனால் அந்த நாள் போயிற்று என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். நெல் பூக்கிற நாட்களில் காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை மேலே போகவே கூடாது. பூ திறக்கும் நேரம் அது.

மருந்தடிக்கும் கூலிக்காரர்களின் பிழைப்பை ட்ரோன் பறிக்கிறது என்ற குறைக்கு யவத்மாலே பாதி பதில். மீதி பதில், அடித்தூர் வேலை, பார்க்கும் வேலை, வரப்போரம் விட்டுப்போன இடத்தைக் கையால் அடிக்கும் வேலை எல்லாம் ஆளுக்குத்தான். பல ஆண்டு மருந்தடித்தவருக்குக் கழனியில் எந்த மூலையில் புகையான் முதலில் விழும் என்று தெரியும். அந்தக் கண் எங்களுக்குத் தேவை. சிறு கழனி, நடுவில் பனைமரம், மேலே மின்கம்பி என்ற குறைகள் உண்மைதான். அங்கெல்லாம் பறக்காமல் இருப்பதே பதில்.

ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டும், ஊராட்சிக்கும் வேளாண் அலுவலருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் நடைமுறை விதிகள் போட்டிருக்கிறது. அதோடு ஒன்றைச் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம்: எந்தத் தேதியில், என்ன மருந்து, எத்தனை மில்லி, அறுவடை எப்போது என்று கழனிவாரியாக ஒரு சீட்டு. ஒன்று விவசாயியிடம், ஒன்று ஓட்டியவரிடம். வைக்கோல் வாங்க வருபவர் அந்தச் சீட்டைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் காத்திருப்புக் காலத்தைக் கண்காணிக்க வேறு அதிகாரி தேவைப்படாது.

இந்தச் சம்பாவுக்கு ட்ரோன் கூப்பிட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதி கட்டும்போதே கூப்பிடுங்கள். போன் செய்யும்போது எத்தனை ஏக்கர் என்று சொல்வதற்கு முன்னால் அறுவடைத் தேதியைச் சொல்லுங்கள். அந்தத் தேதியைக் கேட்காமல் வருகிறேன் என்பவரை வரச் சொல்லாதீர்கள்.